வாசகர் கேள்வி பதில்: டாம் ரிப்ளிக்கு டிக்கியோட பேரு எதுக்கு?

போன இதழ்ல 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' படத்தப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்களே இந்த வாரப் பக்கத்துக்குப் போதும்னு ஆயிடுச்சு, அதனால வேற எதையும் எடுக்கல. 1999ல வந்த படம், டைரக்டர் ஆண்டனி மிங்கெல்லா, பெட்ரீஷியா ஹைஸ்மித் எழுதுன நாவல்லருந்து எடுத்தது. கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1950கள் கடைசி. நியூயார்க்ல கையில காசில்லாத பையன் டாம் ரிப்ளி. கப்பல் கம்பெனி வச்சிருக்குற பெரிய பணக்காரர் ஒருத்தர், இத்தாலில போய் உக்காந்துட்டு ஊருக்கே வராத தன்னோட மகன் டிக்கிய கூட்டிட்டு வரச்சொல்லி டாம அனுப்புறாரு. போனவன் டிக்கியோட ஒட்டிக்கிறான், ஒரு கட்டத்துல கொன்னுடறான், அப்புறம் டிக்கியாவே வாழ ஆரம்பிக்கிறான். க்ளைமாக்ஸ் வரைக்கும் பேசப்போறோம், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

அண்ணா, டாம் கொலகாரன்னு தெரியுது, ஆனா ரோம்ல டிக்கியோட ஃப்ரெண்டு ஃப்ரெடி, டாம் தங்கியிருக்குற வீட்டுக்கு வரும்போது டாம் மாட்டிக்கக்கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கே என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இது சரியா? – கல்லூரி மாணவி, கரூர்

உங்களுக்கு ஒண்ணும் ஆகலம்மா, டைரக்டர் உங்கள அப்படித்தான் உக்கார வச்சிருக்காரு. படம் எங்க ஆரம்பிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு மொட்டமாடி பார்ட்டி, டாம் பியானோ வாசிக்கிறான், போட்டிருக்குற கோட்டு கடன் வாங்குனது, அதுல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி முத்திரை இருக்கு. அதப் பாத்துட்டு டிக்கியோட அப்பா "நீ என் பையன் கூட படிச்சவனா"ன்னு கேக்குறாரு. டாம் அந்த இடத்துல பொய்ய உண்டாக்கல, அவரு தப்பா புரிஞ்சுக்கிட்டத திருத்தல, அவ்ளோதான். நம்மள்ல எத்தன பேரு அந்த இடத்துல "இல்ல சார், இது என் கோட்டு இல்ல"ன்னு சொல்லியிருப்போம்? ஆயிரம் டாலர் தரேன், இத்தாலி போயிட்டு வான்னு ஒருத்தர் சொல்றாரு, அந்தப் பையன் அன்னிக்கு செஞ்சுட்டிருந்த வேல என்ன? தியேட்டர் பாத்ரூம்ல நின்னுக்கிட்டு, வர்ற பெரிய மனுஷங்க கோட்டுத் தோள்ல இருக்குற தூசிய பிரஷ்ஷால தட்டிவிடறது. எல்லாரும் போனப்புறம் இருட்டுல மேடை ஏறி அங்க இருக்குற பியானோவ வாசிப்பான், யாரோ லைட்டப் போட்டதும் மன்னிப்பு கேட்டுட்டு எழுந்திருச்சிடுவான். இதெல்லாம் மொத சில நிமிஷத்துலயே வந்துடுது, அதுக்கப்புறம் நம்மளால அவன முழுசா வெறுக்க முடியாது.

ஃப்ரெடி வர்ற சீன் இருக்கே, அது படத்தோட உச்சம்னே சொல்லுவேன். ஃப்ரெடியா நடிச்ச ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் படத்துல மொத்தமா வர்றது கொஞ்ச நேரம்தான், ஆனா அவரு உள்ள நுழைஞ்ச உடனே ரூம்ல காத்து கம்மியாயிடுது. வந்ததும் பியானோ கட்டைய தொம் தொம்முன்னு தட்டுறாரு, சாமானையெல்லாம் பாக்குறாரு, இந்த வீடு டிக்கி டேஸ்ட்டே இல்ல, இங்க டிக்கி மாதிரி இருக்குற ஒரே ஐட்டம் நீதான்னு டாம் மூஞ்சிக்கு நேரா சொல்லிடறாரு. ஃப்ரெடி சொல்றது அத்தனையும் உண்மை, ஆனா அவன் சொல்ற விதம் இருக்கு பாருங்க, பொறந்ததுலருந்து கதவெல்லாம் தானா தொறந்த ஒருத்தன், கதவுக்கு வெளிய நின்னவன பாக்குற பார்வை. அந்தப் பார்வைய வாழ்க்கைல ஒரு தடவயாவது வாங்குனவங்க எல்லாரும் அந்த நேரத்துல டாம் பக்கம் போயிடுவாங்க. அடுத்த நிமிஷம் அவன் கல்லு தலைச் சிலையத் தூக்கி ஃப்ரெடிய அடிச்சே கொல்லும்போது நமக்கு வயித்தக் கலக்குதுல்ல, அதுவும் சேர்ந்துதான் படம். ரெண்டு உணர்ச்சியும் உங்களுக்கு வந்திருந்தா நீங்க படத்த சரியாத்தான் பாத்திருக்கீங்க.

இது பொறாமைக் கதையா, காதல் கதையா? என் ஃப்ரெண்டும் நானும் இதுக்கே ஒரு மணி நேரம் சண்ட போட்டோம். – ஒரு வாசகர், மதுரை

ரெண்டு பேரு சொன்னதும் சரி. டாமுக்கு டிக்கி மேல இருக்குறதுல எது ஆசை, எது பொறாமைன்னு பிரிச்சு எடுக்க முடியாத மாதிரித்தான் மாட் டேமன் நடிச்சிருக்காரு. அவனுக்கு டிக்கி வேணும், டிக்கியோட வாழ்க்கையும் வேணும், டிக்கியாவே இருக்கவும் வேணும், இந்த மூணும் அவனுக்குள்ள ஒரே ஆசையா கெடக்கு.

டிக்கி தனியா விட்டுட்டுப் போன நேரத்துல டாம் அவன் டிரெஸ்ஸ எடுத்துப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி பாட்டு போட்டு ஆடுவான், டிக்கி திடீர்னு வாசல்ல வந்து நிப்பான். டாம் கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவான். டிக்கி முகத்துல அங்க ஒரு மாற்றம் வரும், கோவம் கூட இல்ல, அதுவரைக்கும் ஜாலியான ஃப்ரெண்டா நெனச்சவன முதல் தடவயா அருவருப்போட பாக்குறான். என்னோட டிரெஸ்ஸ கழட்டுன்னு சொல்றான். அந்த இடத்துல டாமோட எல்லா ஆசையும் வெளிச்சத்துல வந்துடுது, அவன் அந்த அவமானத்துலருந்து கடைசி வரைக்கும் மீளவேயில்ல.

டிக்கியோட காதலி மார்ஜ் ஒரு விஷயம் சொல்லுவா, டிக்கியோட கவனம் உன் மேல இருக்கும்போது சூரியன் உன் மேல மட்டும் அடிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் அவன் உன்ன மறந்துடுவான், அப்ப ரொம்ப குளிரும்னு. டிக்கியா நடிச்ச ஜூட் லா அத அப்படியே உடம்புல காட்டியிருக்காரு, அந்த ரோலுக்கு ஆஸ்கர் நாமினேஷன் கெடச்சது, பாஃப்டா விருதும் வாங்குனாரு. டிக்கி கெட்டவன் இல்ல, ஆனா மனுஷங்கள பொம்மை மாதிரி எடுத்து வெளயாடிட்டு போட்டுட்டுப் போறவன். உள்ளூர்ப் பொண்ணு சில்வானா கர்ப்பமாகி கடல்ல விழுந்து சாகறா, ஊர் மாதா ஊர்வலத்தன்னிக்கு அவ உடம்பு மேல வருது, டிக்கி அன்னிக்கு மட்டும்தான் குற்ற உணர்ச்சில துடிக்கிறான்.

இதுல பலபேரு கவனிக்காம விடற ஒரு இடம் சொல்றேன். டாம் கப்பல்ல இத்தாலி வந்து எறங்குன உடனே, கஸ்டம்ஸ்ல மெரிடித்னு ஒரு பணக்காரப் பொண்ணு பேரு கேக்குறா, அவன் கூசாம டிக்கி கிரீன்லீஃப்னு சொல்லிடறான். அப்ப அவன் டிக்கிய நேர்ல பாத்ததுகூட இல்ல! ஆள் மேல ஆசை வர்றதுக்கு முன்னாடியே பேர் மேல ஆசை வந்தாச்சு. அதனால மதுரைக்காரங்க ரெண்டு பேர்ல பொறாமைன்னு சொன்னவருக்கு நான் அரை மார்க் கூடத் தருவேன்.

சார், நான் பேங்க்ல முப்பது வருஷம் வேல பாத்தவன். கையெழுத்தும் பாஸ்போர்ட்டும் வச்சு ஒருத்தன் இன்னொருத்தனா நடமாடறது அவ்ளோ ஈஸியா? நம்பவே முடியல. – ஓய்வு பெற்ற வாசகர், கோயம்புத்தூர்

சார், நீங்க கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. அந்தக் காலத்துல வெளிநாட்டுல ஒரு மனுஷன் யாருன்னு சொன்னது எதெது? ஒரு பாஸ்போர்ட், அதுல ஒரு சின்ன கறுப்பு வெள்ளை போட்டோ. அப்புறம் கையெழுத்து. வீட்டுலருந்து மாசாமாசம் வர்ற பணத்த எடுக்க அந்தக் கையெழுத்துதான் சாவி. லெட்டருக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆபீஸ், ஊர் ஊரா சுத்துற அமெரிக்கர்களுக்கு வர்ற கடிதத்த அங்க வாங்கி வச்சிருப்பாங்க, போய் பேரு சொல்லி வாங்கிக்கணும். ஃபோன் பண்றது செலவு, அதனால டைப்ரைட்டர்ல ஒரு லெட்டர் வந்தா அது அவன் எழுதுனதுதான்னு எல்லாரும் நம்பிடுவாங்க. இந்த நாலையும் கையில வச்சிருக்கவன்தான் டிக்கி.

டாம் வேஷம் போடறதே இல்ல பாருங்க, மீசை ஒட்டல, முகத்த மாத்தல. கண்ணாடிய கழட்டுறான், தலைய வேற மாதிரி வாருறான், நடையில ஒரு அலட்சியம் சேர்த்துக்குறான். ரோம்ல ரெண்டு ஹோட்டல்ல ரெண்டு பேர்ல ரூம் போட்டு, டாமுக்கு டிக்கி மெசேஜ் விடறான், டிக்கிக்கு டாம் மெசேஜ் விடறான், ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்கன்னு ஹோட்டல்காரங்களே சாட்சி. முகம் தெரிஞ்சவங்க கண்ணுல படாத வரைக்கும் இந்த ஏற்பாடு ஓடும். ஆபத்து எல்லாம் நேர்ல வர்ற மனுஷங்களால மட்டும்தான், அதனாலதான் படத்துல ஒவ்வொரு தடவ காலிங் பெல் அடிக்கும்போதும் நமக்குத் தூக்கிவாரிப் போடுது.

கையெழுத்து விஷயத்துக்கு நீங்க 1960ல வந்த பிரெஞ்சுப் படத்தப் பாக்கணும் சார். 'ப்ளேன் சொலேய்', டைரக்டர் ரெனே க்ளெமான், டாமா நடிச்சது அலென் டெலான். அதுல டாம் அந்தக் கையெழுத்த ப்ரொஜெக்டர்ல பெருசாக்கி சுவத்துல விழ வச்சு, அது மேலயே கைய ஓட்டி ஓட்டிப் பழகுவான். விரலால போடற கையெழுத்த தோள்பட்டையால கத்துக்குறான். முப்பது வருஷம் பேங்க்ல மாதிரிக் கையெழுத்து வச்சிருக்குற ஸ்பெசிமன் கார்டப் பாத்த உங்களுக்கு அந்த சீன் வேற மாதிரி தெரியும், பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

பையனுக்கு 12 வயசு, அவனோட உக்காந்து பாக்கலாமா? – இல்லத்தரசி, விருதுநகர்

வேணாம்மா. அமெரிக்காவுலயே இதுக்கு ஆர் சர்டிபிகேட்தான், அதாவது 17 வயசுக்குக் கீழ இருக்கவங்க பெரியவங்க கூட வந்தாத்தான் பாக்கலாம். ரத்தம் கம்மிதான், ஆனா படகுல நடக்குற கொலை ரொம்ப நெருக்கத்துல இருக்கும், பெரியவங்களுக்கே கஷ்டமா இருக்கும். படம் 139 நிமிஷம் வேற, சின்னப் பசங்களுக்குப் பொறுமை இருக்காது.

மூணு தடவ எடுத்திருக்காங்களாமே, எத மொதல்ல பாக்குறது? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

மொத ரிப்ளி கதைய மட்டும் எடுத்துக்கிட்டா பெருசா பேசப்படறது மூணு. 1960 படம் மேல சொன்னேன், 1999 தெரியும், மூணாவது 2024 ஏப்ரல்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த எட்டு எபிசோடு சீரிஸ் 'ரிப்ளி', ஸ்டீவன் ஜெய்லியன் எழுதி டைரக்ட் பண்ணது, ஆண்ட்ரூ ஸ்காட் டாமா நடிச்சிருக்காரு.

1999ல ஆரம்பிங்க. ஏன்னா அதுல டாமுக்கு மனசு இருக்கு, அவன் அழறான், தப்பு பண்ணிட்டு நடுங்குறான், நம்மளால அவனோட போக முடியும். மிங்கெல்லா நாவல்ல இருந்து மாத்துனது நெறய, மெரிடித்ங்கற கேரக்டரே நாவல்ல கெடையாது, கடைசில டாம நேசிக்கிற பீட்டருக்கும் அதுல சின்ன இடம்தான். நாவல்ல டிக்கி படம் வரைவான், அதுவும் சுமாரா, இங்க அவன் சாக்ஸபோன் வாசிக்கிற ஜாஸ் பைத்தியம். இந்த ஒரு மாற்றத்தால கதையையே காதால கேக்கலாம்ங்கற மாதிரி ஆயிடுச்சு. டாமுக்குப் பிடிச்சது பாக் மாதிரி க்ளாசிக்கல் சங்கீதம், ஜாஸ் அவனுக்கு சுத்தமா ஒட்டாது, நியூயார்க்ல கண்ணக் கட்டிக்கிட்டு ரெக்கார்டு போட்டுக் கேட்டு யாரு பாடறா யாரு வாசிக்கிறான்னு பரிட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணுவான். ஜாஸ் பாடகர் செட் பேக்கர் பாட்டு ஓடும்போது இது ஆம்பளயா பொம்பளயான்னே தெரியலயேன்னு முழிப்பான். கொஞ்ச நாள்ல அதே பாட்ட நேப்பிள்ஸ் ஜாஸ் கிளப் மேடையில அதே குரல்ல பாடறான், மாட் டேமனே சொந்தமா பாடியிருக்காரு. பிடிக்காத ஒண்ண பிடிச்ச மாதிரியே ஆக்கிக்கிட்டான் பாருங்க, டாமோட திறமை என்னன்னு அந்த ஒரு பாட்டு சொல்லிடுது.

1960 படத்துல கொலை பட்டப்பகல்ல, நீலக் கடல் மேல, கண்ணு கூசற வெயில்ல நடக்கும். டெலான் அவ்ளோ அழகு, பணக்காரனா நடிக்கிறவர விட இவருதான் பணக்காரன் மாதிரி இருக்காரு, அதனால பொறாமை கதை கொஞ்சம் அடி வாங்குதுன்னு எனக்கு ஒரு குறை உண்டு, இவ்ளோ அழகா இருக்குறவன் எதுக்கு இன்னொருத்தனா ஆகணும்னு தோணிடும். முடிவுல படகக் கரைக்கு இழுக்கும்போது அடியில சிக்கிக்கிட்டு பொணமும் சேர்ந்து வந்துடும், போலீஸ் வந்துடும். நாவல எழுதுன பெட்ரீஷியா ஹைஸ்மித்துக்கு டெலானப் பிடிச்சது, இந்த முடிவு பிடிக்கல. அவங்க நாவல்ல டாம் மாட்டவே மாட்டான்.

2024 சீரிஸ் கடைசில பாருங்க. கிட்டத்தட்ட முழுக்க கறுப்பு வெள்ளை, அமால்ஃபி கடற்கரைல அட்ரானிங்கற குட்டி ஊரு, படிக்கட்டு மேல படிக்கட்டு. அதுல கொலைய விட கொலைக்கு அப்புறம் இருக்குற வேலைதான் பெருசு, படக எப்படி மறைக்கிறது, ரத்தத்த எப்படித் துடைக்கிறது, லெட்டர்ல என்ன எழுதறதுன்னு ஒவ்வொண்ணையும் நிதானமா காட்டுவாங்க. கோயம்புத்தூர் சாருக்கு இது ரொம்பப் பிடிக்கும். கேமரா பண்ண ராபர்ட் எல்ஸ்விட்டுக்கும் டைரக்டருக்கும் எம்மி விருது கெடச்சது, கெடைக்காம போயிருந்தாத்தான் ஆச்சரியம். ஒரே கஷ்டம், ஆண்ட்ரூ ஸ்காட் டாம் வயசுல பெரியவன், உள்ள வத்திப்போனவன், அவன் மேல இரக்கம் வர ரொம்ப நேரம் ஆகும், சிலருக்கு வரவே வராது.

மார்ஜ் சரியா கண்டுபிடிச்சுட்டா. ஏன் ஒருத்தர்கூட அவள நம்பல? எனக்குப் படம் முடிஞ்சும் ஆறல. – ஆசிரியை, தஞ்சாவூர்

எனக்கும் ஆறலங்க. வெனிஸ்ல டாம் வீட்டுல டிக்கியோட மோதிரத்த மார்ஜ் பாத்துடறா. டிக்கி எதுக்காகவும் கழட்ட மாட்டேன்னு அவளுக்கு வாக்கு குடுத்த மோதிரம் அது. அவளுக்கு அங்கயே எல்லாம் முடிஞ்சுது, டிக்கி இல்லன்னு தெரிஞ்சு போச்சு, யாரு பண்ணதுன்னும் தெரிஞ்சு போச்சு. ஆனா டிக்கியோட அப்பா அவகிட்ட என்ன சொல்றாரு, பொம்பளைங்களுக்கு வர்ற உள்ளுணர்வு வேற, உண்மை வேறங்கற மாதிரி ஒரு வார்த்த. அதோட அவ வாய மூடியாச்சு.

ஆனா அதுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கு. அப்பா வச்ச டிடெக்டிவ் தோண்டி எடுத்தது டாமோட கதைய இல்ல, டிக்கியோட பழைய கதைய, பிரின்ஸ்டன்ல ஒரு பையன மோசமா அடிச்ச விஷயத்த. ஃப்ரெடிய கொன்னது டிக்கி, அப்புறம் மனசு ஒடிஞ்சு தற்கொலை பண்ணிக்கிட்டான்னு அவங்களே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. இப்ப அப்பாவுக்கு வேண்டியது உண்மை இல்ல, சத்தம் வெளிய வராம இருக்கறது. டாம் அத வெளிய சொல்லாம இருக்கணும்னு மகனுக்கு வரவேண்டிய வருமானத்துல ஒரு பங்க அவனுக்கே எழுதி வைக்கிறாரு. டாம் அங்க எந்தப் பொய்யும் சொல்லல பாருங்க, ஆரம்பத்துல கோட்டு விஷயத்துல என்ன பண்ணானோ அதையே பண்றான், சும்மா நிக்கிறான், பெரிய மனுஷங்க அவங்களுக்கு வசதியான கதைய அவங்களே கட்டி அவன் கையில குடுக்குறாங்க. கத்திக்கிட்டே மார்ஜ் அவன அடிக்கப் பாய்வா, அவள இழுத்துட்டுப் போய் போட்ல ஏத்துவாங்க. உண்மை பேசுன ஒரே ஆளு பைத்தியக்காரி மாதிரி தெரியற அந்தக் காட்சில க்வினெத் பால்ட்ரோ நடிச்சதப் பத்தி யாருமே பேசறதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம்.

எழுதுனது ஒரு பெண்மணின்னு சொன்னீங்க. அவங்களுக்கு இந்தக் கதை எப்படித் தோணுச்சாம்? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பெட்ரீஷியா ஹைஸ்மித், 1921ல டெக்சாஸ்ல பொறந்தவங்க, 1995ல ஸ்விட்சர்லாந்துல காலமானாங்க. 1952ல இத்தாலில பொசிட்டானோங்கற கடலோர ஊர்ல தங்கியிருந்தப்போ, ஒருநாள் விடியக்காலைல பால்கனில நின்னு பாத்தா, கீழ கடற்கரைல அரை டவுசர் போட்டு தோள்ல துண்டோட ஒரு இளைஞன் தனியா ஏதோ யோசனையா நடந்து போறான். அவன் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, பேசவும் இல்ல. அந்த ஆள் மனசுல தங்கி, ரிப்ளி நாவலா 1955ல வந்தது. அதுக்கப்புறம் 1991 வரைக்கும் மொத்தம் அஞ்சு ரிப்ளி நாவல் எழுதினாங்க.

இன்னொரு பேர்ல வாழறதுன்னா என்னன்னு அவங்களுக்கே தெரியும். ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல வர்ற காதல வச்சு அவங்க எழுதுன நாவல் 1952ல வந்தப்போ அதுல அவங்க பேரு இல்ல, க்ளேர் மார்கன்ங்கற புனைபேரு. அந்தக் காலத்துல சொந்தப் பேர்ல அத வெளியிட முடியற சூழ்நிலை இல்ல, கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சுத்தான் அவங்க பேரு போட்டு வந்தது. அப்படி ஒளிஞ்சு வாழ்ந்த ஒருத்தர் எழுதுனதுனாலதான் டாமோட பயம் அவ்ளோ நெசமா இருக்குன்னு நான் நம்புறேன். ரிப்ளி நாவலுக்கு அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் குடுத்த சான்றிதழ்ல தன்னோட பேருக்கு முன்னால 'மிஸ்டர் ரிப்ளி அண்ட்'னு அவங்களே எழுதி சேத்துக்கிட்டாங்க, விருது அவனுக்கும் சேர்த்துதான்னு. அவன அவ்ளோ கிட்டத்துல வச்சிருந்தாங்க.

தமிழ்ல இந்த மாதிரி வந்திருக்கா? – ஒரு வாசகர், சேலம்

2012ல வந்த 'நான்' பாருங்க, விஜய் ஆண்டனி ஹீரோவா நடிச்ச மொதல் படம், டைரக்டர் ஜீவா சங்கர். பஸ் விபத்துல செத்துப்போன ஒரு பையனோட சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு அவன் பேர்ல மெடிக்கல் காலேஜ்ல சேர்றவன், அங்க ஒரு பணக்கார ஃப்ரெண்டோட ஒட்டி வாழறவன்னு கதை போகும். ரிப்ளி பாத்துட்டு அதப் பாத்தா ரெண்டாம் பாதில நெறய இடம் பழகுன இடமா இருக்கும். ஆனா இங்க ஹீரோவுக்கு பொறாமை இல்ல, பொழைக்கறதுக்கு ஒரு பேரு வேணும், அவ்ளோதான். அந்த விதத்துல அது வேற கதை.

என் ரூம்மேட் நான் வாங்குற மாதிரியே டிரெஸ் வாங்குறா, ஹேர்கட் கூட அதே. என் ஸ்டேட்டஸ் வரிய அப்படியே எடுத்து அவளோடதுன்னு போடறா. போன மாசம் என் போட்டோ வச்சு ஒரு ஃபேக் ஐடி வேற வந்திருக்கு, அது அவளான்னு தெரியல. இந்தப் படமெல்லாம் பாத்துட்டு பயமா இருக்கு. – வேலை பார்க்கும் பெண், திருப்பூர்

ரெண்டையும் தனித்தனியா பாக்கலாம்மா. 1992ல 'சிங்கிள் ஒயிட் ஃபீமேல்'னு ஒரு படம் வந்தது, அதுல ரூம்மேட்டா வந்தவ இவளோட ஹேர்கட்டையே வெட்டிக்கிட்டு வந்து நிப்பா, அதப் பாத்தவங்க பல பேருக்கு உங்க பயம் வந்திருக்கும். ஆனா காப்பி அடிக்கிற எல்லாரும் அப்படி இல்ல. மனுஷன் தன்ன அளக்குறதுக்கு தன்ன மாதிரி இருக்குற பக்கத்து ஆளத்தான் எடுத்துக்குறான்னு லியோன் ஃபெஸ்டிங்கர்ங்கற உளவியல் அறிஞர் 1954லயே எழுதுனாரு. ஒரே வயசு, ஒரே ரூம், ஒரே வேலைன்னா அளந்து பாக்குறது நடக்கும். பொறாமையிலயும் ரெண்டு உண்டுன்னு ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சுக் காட்டுறாங்க, நானும் அந்த உயரத்துக்குப் போகணும்னு நெனைக்கறது ஒண்ணு, அவ கீழ வரணும்னு நெனைக்கறது இன்னொண்ணு. உங்க ரூம்மேட் எதுன்னு டிரெஸ்ஸ வச்சு சொல்ல முடியாது. உங்களுக்கு நல்லது நடக்கும்போது அவ முகம் எப்படி இருக்கு, நீங்க இல்லாதப்போ உங்களப் பத்தி மத்தவங்ககிட்ட என்ன பேசறா, அதப் பாருங்க. ஸ்டேட்டஸ் விஷயத்த நேர்ல, கோவப்படாம, எனக்கு இது பிடிக்கலன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க.

ஃபேக் ஐடி விஷயத்துல பொறுமையே வேணாம். மொதல்ல அந்த ப்ரொஃபைல் லிங்க், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைங்க, அப்புறம் ஆப்லயே ரிப்போர்ட் பண்ணுங்க, மத்திய அரசோட சைபர்கிரைம் போர்ட்டல்ல புகார் குடுங்க. பணம் ஏதாவது போயிருந்தா உடனே 1930 நம்பருக்கு ஃபோன் பண்ணுங்க. இன்னொருத்தரோட கையெழுத்து, பாஸ்வேர்டு, அடையாளத்த மோசடியா பயன்படுத்தறதுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு இருக்கு, கம்ப்யூட்டர், ஃபோன் வழியா ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தறதுக்கு 66டி, ரெண்டுக்கும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். யாருன்னு தெரியாம ரூம்மேட் மேல பழி போட்டுடாதீங்க, அத போலீஸ் கண்டுபிடிக்கட்டும். பாஸ்வேர்ட மட்டும் இன்னிக்கே மாத்துங்க, ஃபோன லாக் போடாம வைக்காதீங்க.

கடைசில பீட்டர ஏன் கொல்லணும்? அவன் டாம நேசிச்சானே. அப்புறம் டாம் தப்பிச்சுடறான், இது தப்பான பாடம் இல்லயா? – ஒரு வாசகர், திருச்சி

கணக்கு போட்டுப் பாருங்க. கிரீஸ் போற கப்பல்ல டாமும் பீட்டரும் போறாங்க. டாம் அவன் சொந்தப் பேர்ல போறான், பணம் இருக்கு, கேஸ் முடிஞ்சுது, பக்கத்துல அவன நேசிக்கிற ஒருத்தன். வாழ்க்கைலயே மொத தடவயா டாமுக்கு டாமாவே எல்லாம் கெடச்சிருக்கு. அப்ப மேல்தளத்துல மெரிடித் டிக்கின்னு கூப்பிடறா. அவளுக்கு அவன் டிக்கி, பீட்டருக்கு அவன் டாம், ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல, அவங்களுக்குள்ள பழக்கமும் இருக்கு. தனியா வந்தியான்னு மெரிடித்த கேக்குறான், ஏன் கேக்குறான்னு நமக்குத் தெரியும், அவ குடும்பத்தோட வந்திருக்கா. அப்ப காணாம போகக்கூடியவன் பீட்டர் ஒருத்தன்தான்.

இதுக்கு முன்னாடி வெனிஸ்ல டாம் பீட்டர்கிட்ட ஒண்ணு சொல்லியிருப்பான், பழசையெல்லாம் கீழ்த்தளத்துல ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிடுவோம், அப்புறம் ஒரு ஆளப் பாத்ததும் அந்தச் சாவிய அவங்க கையில குடுத்துடணும்னு தோணும்னு. குடுக்கணும்னு தோணுச்சு, குடுக்க முடியல, ஏன்னா உள்ள இருக்கறது பொணம். கேபின்ல பீட்டர்கிட்ட டாம் ரிப்ளியப் பத்தி நல்லதா ஏதாவது சொல்லுன்னு கேக்குறான். பீட்டர் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வர்றான், திறமைசாலி, மென்மையானவன், அழகானவன்னு. சொல்லச் சொல்லவே டாம் அழுதுக்கிட்டே அவன் கழுத்த நெரிக்கிறான். எனக்குத் தெரிஞ்சு பொறாமையப் பத்தி எடுத்த படங்கள்ல இவ்ளோ கொடூரமான காட்சி வேற கெடையாது, ஏன்னா அன்னிக்கு அவன் கொல்றது அவனுக்கு வேணும்னு ஆசப்பட்ட எதையும் அபகரிக்கறதுக்காக இல்ல. டாம் ரிப்ளி நல்லவன்னு நம்புன ஒரே ஆள, டிக்கிங்கற பேரக் காப்பாத்தறதுக்காக கொல்றான்.

ஒண்ணுமில்லாத நெஜ ஆளா இருக்கறத விட பெரிய ஆள் மாதிரி போலியா இருக்கறது மேல்னு நெனச்சேன்னு அவனே சொல்லுவான். திருச்சி வாசகரே, போலீஸ் வந்து விலங்கு மாட்டியிருந்தா நமக்கு நிம்மதியா இருந்திருக்கும், ஒத்துக்கறேன், 1960 படம் அததான் பண்ணுச்சு. ஆனா இதுல அவன் தப்பிச்சு எங்க போறான்னு பாருங்க. பாஸ்போர்ட் இருக்கு, பணம் இருக்கு, அடுத்த துறைமுகத்துல மெரிடித் டிக்கின்னுதான் கூப்பிடுவா, அவன் திரும்பிப் பாத்துத்தான் ஆகணும்.